கடவுளைச் சுருட்டிச் சுமப்பவரும் கடவுள் முன் உட்காருபவரும்

கல்யாணம் நடந்த கையோடு மாடு மீட்கப் போய் உயிர்விட்ட மாப்பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவன் ராஜஸ்தானத்து மார்வாரில், கோலூ கிராமத்து ராத்தோட் ராஜபுத்திரன் பாபூஜி. மற்றவன் பாபநாசம் மலையடிவாரத்து முத்துப்பட்டன். இருவரும் செத்துச் சாமியானார்கள். இருவருக்கும் விடிய விடியப் பாட்டு உண்டு. கதைகள் இவ்வளவு நெருக்கமாக இருந்தும் அவற்றைப் பாடுகிறவர்களின் நிலை ஒன்றுக்கொன்று நேர் எதிர். பாபூஜியைப் பாடும் போபா, பாடகரும் பூசாரியுமான ஒரே ஆள். முத்துப்பட்டனைப் பாடும் வில்லுப்பாட்டுப் புலவர் பூசாரி அல்ல, சாமியாடியும் அல்ல. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் இரண்டு கலைகளின் வாழ்வும் தாழ்வும் கிளம்புகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் கதைகளைப் பார்த்துவிடலாம். பாபூஜியின் தாய் ஒரு தேவகன்னி. மகனை விட்டுப் பிரிந்தவள், பின்னால் அவன் ஏறும் குதிரையாகத் திரும்பி வருகிறாள். அந்தக் கருங்குதிரை கேசர் காலமி, தேவல் என்ற சாரணர் குலப் பெண்ணிடம் இருக்கிறது. ‘என் பசுக்களுக்கு ஆபத்து வந்தால் நீ வரவேண்டும்’ என்ற வாக்கை வாங்கிக்கொண்டு அவள் குதிரையைக் கொடுக்கிறாள். இன்று பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இருக்கும் உமர்கோட்டுக்குப் போய் பாபூஜி இளவரசி பூல்வந்தியை மணக்கிறான். அக்கினியை வலம்வந்து முடிப்பதற்குள் செய்தி வருகிறது: பகைவன் ஜிந்தராவ் கீச்சி தேவலின் பசுக்களை ஓட்டிப் போய்விட்டான். மாப்பிள்ளை பாதியில் எழுந்து குதிரை ஏறுகிறான்.

முத்துப்பட்டன் பிராமணன். மலையடிவாரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டுப் போய், சக்கிலியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கண்டு மயங்குகிறான். குடுமியை அறுத்து, பூணூலை எடுத்துவிட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தால் பெண் தருகிறேன் என்கிறார் வாலப்பகடை. பட்டன் அப்படியே செய்கிறான். கல்யாணத்து ராத்திரியில் மாமனாரின் மாடுகளைக் கள்வர் ஓட்டிப் போன செய்தி வருகிறது. போகிறான், வெட்டுகிறான், வெல்கிறான். ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்துகிறான். இரண்டு பெண்களும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். பாபூஜி கதையிலும் பெண்களுக்கு அதே முடிவுதான். மாடும் மானமும் வாக்கும் ஒன்றாகப் பின்னிக்கிடந்த காலத்தின் கதைகள் இவை. பெண்களுக்கு அவை வைத்திருந்த இடத்தை இன்று யாரும் கொண்டாட வேண்டியதில்லை.

இனி பாடுகிறவர்கள். போபாக்கள் நாயக் என்ற தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களது மூலதனம் ‘ஃபட்’ எனப்படும் ஓவியத் திரைச்சீலை. ஏறக்குறைய 15 அடி நீளம், நாலைந்து அடி உயரம் உள்ள முரட்டுப் பருத்தித் துணி. கஞ்சி போட்டு, தேய்த்து மெருகேற்றி, அதில் நூற்றுக்கணக்கான உருவங்களை எழுதியிருப்பார்கள். எழுதுகிறவர்கள் பில்வாடா, ஷாபுரா ஊர்களின் ஜோஷி குடும்பத்தினர். அந்த மரபில் வந்த ஸ்ரீலால் ஜோஷிக்கு 2006-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லா உருவமும் முடிந்தபின் கடைசியாகப் பாபூஜியின் கண்மணியைத் திறப்பார்கள். அதுவரை துணி, அதற்குப் பிறகு கோயில். ஆகவே போபா சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போவது ஒரு கோயிலை. இருட்டியபின் ஊர்ப்பொதுவில் இடத்தைச் சுத்தம் செய்து, இரண்டு கம்புகளுக்கு நடுவே அதை விரித்துக் கட்டி, தூபம் காட்டி, ஆரத்தி எடுத்தால் பாபூஜி அங்கே வந்துவிட்டார் என்று பொருள். சீலை நைந்து கிழிந்தால் எறிந்துவிட முடியாது. புஷ்கர் ஏரியில் அதைக் ‘குளிர்வித்து’ விட வேண்டும். சாமியைத் தணிப்பது என்று நம் ஊரிலும் சொல்கிற அதே காரியம்தான்.

போபா சிவப்பு அங்கி போட்டு, காலில் சலங்கை கட்டியிருப்பார். கையில் ராவண்ஹத்தா. தேங்காய்ச் சிரட்டையைக் குடமாக்கிய நரம்பு வாத்தியம், வில்லின் நுனியில் சதங்கைகள். இராவணன் கண்டுபிடித்த வாத்தியம் என்பது அங்கே மரபு. அவர் மனைவி போபி முக்காட்டோடு எண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே பாடுவார். கதை எந்த உருவத்தில் நிற்கிறதோ அங்கே விளக்கு போகும், ராவண்ஹத்தாவின் வில் தொட்டுக் காட்டும். பாட்டு ஒரு துண்டு, வசனம் ஒரு துண்டு என்று மாறிமாறி வரும். பெரும்பாலும் மனைவி பாடினால்தான் போபாவுக்குப் பிழைப்பு. இந்தக் கலையின் சரிபாதி அந்த முக்காட்டுக்குள் இருக்கிறது. ஆனால் வெளியூர்க்காரர்கள் எழுதும் கட்டுரைகளில் பெயர் போபாவுக்கு, விளக்கு மட்டும் போபிக்கு.

சீலையில் உருவங்கள் கதை நடந்த வரிசையில் இருக்காது. நடுவில் பாபூஜியின் தர்பார் பெரிதாக வீற்றிருக்கும். சுற்றிலும் எந்த இடத்தில் எது நடந்ததோ அந்த இடத்தில் அது. உமர்கோட்டு நிகழ்ச்சிகள் எல்லாம் ஒரு பக்கம், கீச்சியின் ஊரில் நடந்தவை வேறொரு பக்கம். ஆகவே சீலையைத் தனியாகப் பார்த்துக் கதையைத் தெரிந்துகொள்ள முடியாது. வழி தெரிந்த ஒருவர் கூட வரவேண்டும். எழுத்தறியாத போபா சீலையைப் ‘படிப்பதாக’ ஊரார் சொல்வார்கள். பாபூஜி காவியத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1991-இல் நூலாக வெளியிட்ட ஜான் டி. ஸ்மித், வெவ்வேறு போபாக்களின் பாடலை ஒப்பிட்டுப் பார்த்துச் சொற்கள் பெருமளவு ஒத்திருப்பதைக் காட்டினார். வாய்மொழிக் காவியம் என்றால் பாடும்போதே கட்டுவது என்ற பொதுக் கருத்துக்கு இது பொருந்தாது. போபாக்கள் மனப்பாடம் செய்தவர்கள்.

வில்லுப்பாட்டில் ஏடு உண்டு. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கோயில் கதைகள் ஓலையிலும் பின்பு நோட்டுப் புத்தகத்திலும் எழுதப்பட்டு ஆசானிடமிருந்து மாணவருக்கு வந்தவை. வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி என்று ஒழுங்கும் உண்டு. நடுவில் புலவர், கையில் வீசுகோல். மணிகள் கட்டிய நீண்ட வில் குடத்தின் மேல் படிந்திருக்கும். குடத்தில் மட்டை அடி விழும். உடுக்கை, ஜால்ரா, கட்டை. வலப்பக்கம் பாடுவோர் ஒரு கூட்டம், இடப்பக்கம் பாடுவோர் ஒரு கூட்டம். சிலர் இதையெல்லாம் பார்த்துவிட்டு இது இசைக்குழு என்று நினைத்துக்கொள்கிறார்கள். வில்லடிக்கப் பந்தல் எங்கே போட்டிருக்கிறார்கள் என்று கவனித்தால் விஷயம் புரியும். கொடை என்னும் திருவிழா நடக்கும் கோயிலுக்கு எதிரே, சாமியின் முகம் பார்த்துத்தான் வில் வைப்பார்கள். கேட்க வந்த ஜனம் பக்கவாட்டிலும் பின்னாலும் உட்கார்ந்துகொள்ளும். பாட்டு சாமிக்கு.

சாமிக்குப் பாடினாலும் சாமி புலவர்மேல் வருவதில்லை. அது கோமரத்தாடி எனப்படும் சாமியாடிமேல் வரும். பூசை செய்கிறவர் வேறு. ஆக ஒரு கொடையில் மூன்று ஆட்கள்: பூசாரி, கோமரத்தாடி, புலவர். கதையில் வீரன் வெட்டுப்படும் இடம் நெருங்கும்போது குடமும் உடுக்கையும் வேகமெடுக்கும். புலவர் ஒரு கண்ணை ஏட்டின் போக்கிலும் ஒரு கண்ணைக் கோமரத்தாடியின் உடம்பிலும் வைத்திருப்பார். ஆட்டம் வரும்வரை அதே இடத்தில் நின்று பாடத் தெரியவேண்டும், வந்தபின் ஒதுங்கிக்கொடுக்கவும் தெரியவேண்டும். சாமியை வரவழைக்கும் வேலை முழுவதும் அவருடையது, சாமியின் கௌரவம் மட்டும் அவருடையது அல்ல. விபூதி கொடுப்பதும் குறி சொல்வதும் மற்றவர் கையில்.

போபாவிடம் பூசாரியும் புலவரும் ஒரே உடம்பில். ராஜஸ்தானில் போபா என்ற பெயர் சாமி வந்து குறி சொல்லும் கோயில் பூசாரிகளுக்கும் உண்டு. சீலை விரிக்கும் போபா பொதுவாக அப்படி ஆவேசம் கொள்வதில்லை. ஆனால் ஒட்டகத்துக்கு நோய் வந்தாலும் பிள்ளைக்குக் காற்றுக் கருப்பு பட்டாலும் ஜனம் அவரைத்தான் கூப்பிடும். அவர் சரடு கட்டுவார், சீலையை விரிப்பார், பாடுவார். காணிக்கை கொடுத்தவர் பெயரைச் சொல்லிச் சங்கு ஊதுவார். நம் கொடைகளில் மைக்கில் அன்பளிப்புப் பட்டியல் வாசிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

தமிழ்நாட்டில் போபாவுக்கு இன்னும் நெருங்கிய இணையைத் தேடினால் வில்லுப்பாட்டை விட்டுக் கணியான் கூத்துக்குப் போகவேண்டும். நெல்லைப் பக்கம் சுடலைமாடன் கொடைகளில் மகுடம் அடித்துப் பாடும் கணியான், கைவெட்டு என்ற சடங்கில் தன் உடம்பின் ரத்தத்தையே சாமிக்குக் கொடுப்பவர். பாடகரும் சடங்காளரும் அங்கே ஒன்றாகிறார்கள். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இப்போது சாவு. இரண்டு மரபுகளும் பிரிந்து போகும் முக்கியமான இடம் இதுதான். போபா பாடும் கதையில் பாபூஜியின் முடிவு விசித்திரமானது. வெல்ல முடியாத அவன் தன் வாளையே கீச்சியிடம் கொடுத்து வெட்டச் சொல்கிறான். வானத்திலிருந்து பல்லக்கு இறங்குகிறது, குதிரையோடு சொர்க்கம் போகிறான். செத்தான் என்று சொல்லக்கூட வாய் கூசுகிற முடிவு. ஏற்கெனவே அவன் லட்சுமணனின் அவதாரம், கீச்சி இராவணன், பூல்வந்தி சூர்ப்பனகை என்று கதை ராமாயணத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. வில்லுப்பாட்டு அப்படி மூடி மறைப்பதில்லை. முத்துப்பட்டனின் முதுகில் இறங்கும் கத்தி, வழியும் ரத்தம், புருஷனைத் தேடி வரும் இரண்டு பெண்கள் என்று புலவர் நிறுத்தி நிறுத்திப் பாடுவார். துர்மரணம் அடைந்த உயிரின் சினம்தான் அங்கே சாமி. சாவைக் குறைத்துப் பாடினால் சாமி இறங்காது.

வில்லுப்பாட்டைக் களத்தில் ஆய்ந்து 1988-இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்த வேற்றுமைக்கு ஒரு காரணம் சொல்கிறார். கொலையுண்டவன் தன் ஊரில் சாமியாகிறான். கதை ஊர் தாண்டும்போது தெய்வப் பிறப்பு சேர்கிறது. இன்னும் பரவும்போது அவன் பெருந்தெய்வம் ஒன்றின் அவதாரமாகிவிடுகிறான். பரவப் பரவச் சாவு வெளிறி, பிறப்பு பளிச்சிடும். பாபூஜி இதற்குக் கச்சிதமான சான்று. இந்த விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் ஒன்று சேர்க்கவேண்டும்: கதை தானாக நடந்து ஊர் தாண்டுவதில்லை, ஒருவர் தூக்கிப் போகிறார். கோயிலையே சுருட்டித் தோளில் போடும் பாடகர் இருந்ததால் பாபூஜி மார்வார் முழுவதும் நடந்தார். முத்துப்பட்டனின் பீடம் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக ஊன்றி நிற்கிறது. ஜனம்தான் அங்கே போகவேண்டும். போகிறவர்கள் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அவை நடந்து தேய்ந்தவைபோல் ஆகிவிடும், பட்டவராயன் இரவில் போட்டுக்கொண்டு நடக்கிறார் என்பது நம்பிக்கை. பூணூலை எடுத்துவிட்டு ஊசி எடுத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான காணிக்கை இருக்க முடியாது.

முத்துப்பட்டனையும் யாரும் வெளுக்க முயலவில்லை என்று நினைக்கவேண்டாம். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணப் பிள்ளைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று பின்னால் ஒரு ஒட்டுக்கதை சேர்ந்தது. இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த நா. வானமாமலை அது பின்னால் சேர்த்த ஒட்டு என்பதைச் சுட்டிக்காட்டினார். சாதி கடந்த கல்யாணத்தைச் சாமி ஏற்றுக்கொண்டது, சில மனிதர்களால் ஏற்க முடியவில்லை.

பாபூஜி கதையில் சாதி வேறு விதமாக வேலை செய்கிறது. கதாநாயகன் ராஜபுத்திரன்தான். ஆனால் அவனுக்காகப் போரிட்டுச் சாகும் சாந்தோ, தேபோ போன்ற தோழர்கள் பீல் குலத்தவர். நாயக்குகள் அவர்களைத் தம்மவர் என்கிறார்கள். ஒட்டகம் மேய்க்கும் ரைக்காக்களுக்கு ஹர்மல் இருக்கிறான். அண்ணன் மகள் கேலத்துக்குச் சீதனமாக இலங்கையிலிருந்து ஒட்டகம் கொண்டுவருவதாகப் பாபூஜி சொல்லிவிட, சாமியார் வேஷத்தில் வேவு பார்க்கப் போகிறவன் இந்த ஹர்மல். பிறகு பாபூஜியே போய், இராவணனை வென்று ஒட்டகங்களை ஓட்டி வருகிறான். இலங்கையில் ஏது ஒட்டகம் என்று தமிழ் வாசகர் கேட்கலாம். போபாவிடம் கேட்டுப் பயனில்லை. மார்வாருக்கு முதலில் ஒட்டகம் வந்தது அப்படித்தான். சாரணர்களுக்குத் தேவல் இருக்கிறாள். ஆக விளக்கு வெளிச்சம் நகர நகர, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவரவர் ஆள் சீலையில் தெரிவார். ஒரு நாடோடிப் பாடகர் பல சாதிகளிடம் கைநீட்டிப் பிழைக்கவேண்டிய நிலையில், கதை இப்படி இடம் விட்டு வளர்ந்ததில் வியப்பில்லை. வில்லுப்பாட்டுப் புலவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவரை அழைக்கும் கோயிலுக்கு ஊரோ ஒரு சாதியோ குடும்பமோ சொந்தம் கொண்டாடும். தலைக்கட்டு வரி போட்டு, அவர்களுக்கு வேண்டிய கதையைப் பேசி முன்பணம் கொடுப்பார்கள்.

பிழைப்பு என்று வந்துவிட்டால் இரண்டு கலைகளின் இன்றைய நிலைக்கும் காரணம் அங்கேயே இருக்கிறது. போபாவின் முதன்மைப் புரவலர்கள் ரைக்காக்கள். அவர்களுக்குப் பாபூஜி தேவைப்பட்டது ஒட்டகங்களுக்காக. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒட்டகங்கள் சுமார் இரண்டரை லட்சம்தான். 2012-இல் இருந்ததைவிட 37 விழுக்காடு குறைவு. ராஜஸ்தான் அரசு 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது, அடுத்த ஆண்டே அதை வெட்டவும் வெளியே விற்கவும் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கி, வண்டி இழுக்கும் வேலை டிராக்டருக்குப் போனபின், விற்கவும் முடியாத ஒட்டகத்தை யார் வளர்ப்பார்? ஒட்டகம் இல்லாத ரைக்காவுக்கு ஒட்டகத்தின் நோய் தீர்க்கும் சாமி எதற்கு? பூசாரியும் பாடகரும் ஒரே ஆளாக இருந்ததால், நம்பிக்கை தளர்ந்ததும் இரண்டு வருமானமும் ஒன்றாக நின்றன. ஜெய்சல்மேர் கோட்டை வாசலிலும் புஷ்கர் படித்துறையிலும் ராவண்ஹத்தா வாசிப்பவர்களில் பலர் அந்த வழியில் வந்தவர்களே. சீலை மட்டும் சுவரில் மாட்டும் அளவுக்குச் சிறிதாகி நன்றாக விற்கிறது. ஓவியம் பிழைத்தது, அதன் முன்னால் பாடியவர் பிழைக்கவில்லை.

வில்லுப்பாட்டு இதற்கு மாறாகத் தப்பித்தது. சாமியும் பூசையும் ஊர்க்காரர்களின் பொறுப்பாக இருப்பதால் கொடை நிற்காது. கொடை உள்ளவரை வில்லுக்கு அழைப்பு உண்டு. பாடுவது மட்டுமே புலவர் வேலை என்பதால் அதைக் கோயிலிலிருந்து பெயர்த்து எடுக்கவும் முடிந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடினார். சுப்பு ஆறுமுகம் அதை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோய் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். சீலையோடு போபாவை அப்படிப் பெயர்க்க முடியாது. பெயர்த்தால் அது காட்சிப் பொருள். ஆண்கள் நிறைந்த வில்லில் பூங்கனி போன்ற பெண் புலவர்கள் தலைமை ஏற்று அடித்ததும் இந்தத் தளர்வால்தான் இயன்றது. பூசாரி வேலையும் சேர்ந்திருந்தால் ஒரு பெண்ணை அங்கே உட்கார விட்டிருப்பார்களா என்பது சந்தேகம். 2018-இல் மறைந்த அந்த அம்மாள் கடைசிக் காலத்தில் எளிய நிலையில்தான் இருந்தார்.

தப்பித்ததற்கு விலையும் உண்டு. புலவர் கூலிக்கு வருபவர், சாமியின் ஆள் அல்ல. அவருக்குப் பதில் வேறொருவரை வைக்கலாம், அவர் நேரத்தைக் குறைக்கலாம். இன்று பல கொடைகளில் வில்லுக்கு ஒதுக்குவது சாயங்காலத்தில் கொஞ்சம், சாமக்கொடைக்கு முன் கொஞ்சம். ராத்திரியின் நல்ல பகுதி இன்னிசைக் கச்சேரிக்கு. பிறப்பு கொஞ்சம், வெட்டு கொஞ்சம் பாடி, நாட்டுவளத்தைத் தாண்டிக் குதித்து வாழிக்கு வந்துவிடுகிறார்கள். போபாவை யாரும் இப்படிக் கைகாட்டி நிறுத்த முடியாது. விரித்த சீலையின் முன் அவர்தான் கோயில் நிர்வாகி.

எது சிறந்த ஏற்பாடு என்று கேட்டால், கலைக்குப் பிரிந்திருப்பதே நல்லது என்பேன். பாடகருக்குத் தெய்வத்தின் பாரம் இல்லாதபோது கலை நீண்ட காலம் ஓடுகிறது. ஆனால் கலைஞரின் மரியாதைக்குச் சேர்ந்திருப்பதே நல்லது. தாழ்த்தப்பட்ட நாயக் ஒருவர், சீலை விரிந்திருக்கும் இரவில் மட்டுமாவது, ஊருக்கே ஆரத்தி காட்டுகிறார். நம் புலவருக்கு அந்த ஓர் இரவும் கிடைக்கவில்லை.

போபாவுக்கு நிதியுதவியும் விருதும் கொடுப்பதைவிட ரைக்காவுக்கு மேய்ச்சல் நிலம் கொடுப்பதே பாபூஜி பாட்டைக் காப்பாற்றும். அது ராஜஸ்தான் அரசின் கையில் இருக்கிறது. வில்லுப்பாட்டு விஷயம் அவ்வளவு தூரத்தில் இல்லை. அடுத்த கொடைக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வருகிறவர்களிடம், இந்த முறை கதையை வாழி வரை முழுதாகப் பாட நேரம் விடுங்கள் என்று கேளுங்கள். வரி கொடுக்கிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.